நம்மை எந்த இடத்தில் நிறுத்துகிறது? சுயாதீன வீடியோ கேம்களை மதிப்பிட ஒரு வழிகாட்டி

2024 மார்ச் மாதம் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த சுயாதீன விளையாட்டு விழாவில் முதன்மைப் பரிசை ஒரு தமிழ்ப் பெயர் வென்றது. கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த விசை கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் உருவாக்கிய ‘வெண்பா’ அது. அடுத்த மாதம் பிரித்தானியாவின் பாஃப்டா விருதும் ‘சிறந்த அறிமுக விளையாட்டு’ என்ற பிரிவில் அதற்கே கிடைத்தது. இட்லி அவிப்பதும் புட்டு அவிப்பதும்தான் அந்த விளையாட்டில் நாம் செய்யும் வேலை. யாரையும் சுட வேண்டியதில்லை.

வீடியோ கேம் என்றால் எமது வீடுகளில் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது வேறு. பிள்ளைகள் கைத்தொலைபேசியில் விளையாடும் பப்ஜி, ஃப்ரீ ஃபயர் போன்ற சுடும் விளையாட்டுகளையே அவர்கள் பார்த்திருக்கிறார்கள். புளியந்தீவிலோ கல்லடியிலோ படுவான்கரையிலோ போரைக் கடந்து வந்த ஒரு தாய்க்கு, பக்கத்து அறையிலிருந்து வரும் அந்த வெடிச்சத்தம் வெறும் விளையாட்டுச் சத்தமாகக் கேட்பதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் ‘இதை விளையாடாதே’ என்று சொல்கிற நாம், ‘அப்படியென்றால் எதை விளையாடுவது?’ என்ற கேள்விக்குப் பதில் வைத்திருப்பதில்லை.

அந்தப் பதிலைத் தேடுவதற்கு ஒரு வழிகாட்டியாக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. சுயாதீனமாக உருவாக்கப்படும் விளையாட்டுகள், பழைய கொன்சோல்களின் பாணியை வேண்டுமென்றே கையாளும் விளையாட்டுகள் ஆகிய இரண்டையும் இது எடுத்துக்கொள்கிறது. இவை பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், போரைச் செய்தியில் மட்டும் கண்ட வாசகர்களுக்காக எழுதப்படுபவை. படம் வடிவாக இருக்கிறதா, ஓட்டம் சீராக இருக்கிறதா, கொடுக்கும் காசுக்குத் தகுமா என்று அவை பார்க்கின்றன. இவை தேவையான கேள்விகள்தான். எமது வாசகருக்கு இன்னொரு கேள்வியும் தேவை: இந்த விளையாட்டு என்னை எந்த இடத்தில் நிறுத்துகிறது? துப்பாக்கிக்குப் பின்னாலா, ஷெல் விழும் வீட்டுக்குள்ளா, அடையாள அட்டையை நீட்டும் வரிசையிலா, அதை வாங்கிப் பார்க்கும் மேசையிலா?

‘சுயாதீனம்’ என்பது எது?

பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகளில் நூற்றுக்கணக்கானோர், சில வேளைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பல ஆண்டுகள் வேலை செய்கிறார்கள். அவ்வளவு பணத்தைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் உலகெங்கும் விற்கக்கூடிய, ஏற்கெனவே விற்றுப் பழகிய ஒன்றையே செய்ய வேண்டும். போர் விளையாட்டு என்றால் படைவீரனின் பார்வையில் கதை செல்வது இதனால்தான் வழக்கமாகிவிட்டது.

சுயாதீன விளையாட்டு என்பது ஒருவரோ ஒரு சிறு குழுவோ, என்ன செய்வது என்ற முடிவைத் தம் கையில் வைத்துக்கொண்டு உருவாக்குவது. ‘ஸ்டார்டியூ வலி’ என்ற பண்ணை விளையாட்டை எரிக் பரோன் என்ற அமெரிக்கர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியாக இருந்து செய்தார். நிரல், படம், இசை, கதை எல்லாமே அவர் கைவேலை. 2016இல் வெளியான அது 2024 முடிவுக்குள் 4 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றது. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. சுயாதீனமாகச் செய்பவர்களில் பெரும்பாலானோர் வேறு வேலை செய்துகொண்டே இதைச் செய்கிறார்கள்.

முன்பு கொன்சோலில் ஒரு விளையாட்டை வெளியிட வேண்டுமானால் அதற்குக் கசெற் அல்லது வட்டு அச்சடிக்க வேண்டும்; கடைகளுக்கு அனுப்ப வேண்டும்; கொன்சோல் நிறுவனத்தின் உரிமமும் வேண்டும். தனி ஆளுக்கு அது இயலாத காரியம். எக்ஸ்பொக்ஸ், பிளேஸ்டேஷன், நிண்டெண்டோ ஆகியவை தமது பெட்டிகளுக்குள்ளேயே இணையக்கடை திறந்த பிறகு நிலைமை மாறியது. 2008இல் எக்ஸ்பொக்ஸ் 360க்கு வந்த ‘பிரெய்ட்’ போன்றவை சிறிய விளையாட்டுகளும் பெரிய பெட்டியில் இடம்பிடிக்கலாம் என்று காட்டின. இன்று நிண்டெண்டோ சுவிட்சின் கடையில் பெரிய நிறுவனத்தின் விளையாட்டும் ஒரு தனி ஆளின் விளையாட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

பழைய பாணி: அன்று கட்டாயம், இன்று தெரிவு

இத்தகைய விளையாட்டுகளில் பல, சதுரப் புள்ளிகளால் ஆன படங்களும் ‘பீப்’ ஒலியிலான இசையுமாக 1980களின் தோற்றத்தில் இருக்கும். அந்தத் தோற்றம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதை மதிப்பிட முடியும்.

நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் ஃபமிகொம் என்ற பெட்டியை வெளியிட்டது. அதன் திரையில் அகலத்துக்கு 256 புள்ளிகள், உயரத்துக்கு 240 புள்ளிகள். வேலை நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. திரையில் ஒரு வரியில் அசையும் உருவத் துண்டுகள் எட்டுக்கு மேல் வந்தால் சில மறைந்துவிடும். அதனால்தான் அந்தக் கால விளையாட்டுகளில் எதிரிகள் கூடினால் உருவங்கள் மினுங்கும். 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. இடம் போதாமல் மேகத்துக்கும் செடிக்கும் ஒரே படத்தை நிறம் மாற்றிப் பயன்படுத்தினார்கள். மாரியோவின் தொப்பியும் மீசையும்கூட, தலைமுடியையும் வாயையும் அத்தனை சிறிய இடத்தில் வரைய முடியாததால் வந்தவை.

இன்று அந்தப் பாணியை எடுப்பவருக்கு இந்த நெருக்கடி எதுவும் இல்லை. ஆகவே அவர் எதை வைத்துக்கொண்டார், எதை விட்டார் என்பதே கேள்வி. 2014இல் வந்த ‘ஷவல் நைட்’ பழைய பெட்டியின் நிறங்களை எடுத்துக்கொண்டு, தேவைக்குச் சில நிறங்களைக் கூட்டி, அகன்ற திரைக்கு ஏற்ப அமைத்து, மினுக்கத்தை விட்டுவிட்டது. நல்ல பழைய பாணி விளையாட்டு இப்படித் தெரிந்து தெரிவுசெய்கிறது. மோசமானது பழைய தோற்றத்தின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. கட்டுப்பாடு சரியில்லை, சேமிக்க வழியில்லை என்று கேட்டால், ‘அந்தக் காலத்தில் இப்படித்தான்’ என்று பதில் வரும்.

இங்கே எமக்கு ஒரு வேறுபாடு உண்டு. மேற்குலக மதிப்புரைகளில் இந்தப் பாணி ‘சிறுவயது நினைவு’ என்று கொண்டாடப்படுகிறது. எமது ஊர்களில் ‘ரீவி கேம்’ என்று அறியப்பட்டவை பெரும்பாலும் ஃபமிகொமின் நகல் பெட்டிகள். ஒரே கசெற்றில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் என்று மேலே ஒட்டியிருக்கும். போட்டுப் பார்த்தால் சில விளையாட்டுகளே பெயர் மாறி மாறி வரும். அதுவும் நகரத்தில், மின்சாரம் இருந்த, கொஞ்சம் வசதியான வீடுகளில்தான். போர்க்காலத்தில் மின்சாரமே காணாத வாவியின் மேற்குக்கரைக் கிராமங்களில் வளர்ந்த ஒருவருக்கு அந்தச் சதுரப் புள்ளிகள் எந்த நினைவையும் எழுப்பப் போவதில்லை. எனவே எமக்காக எழுதும் மதிப்புரை ‘பழைய நினைவுகள் பொங்குகின்றன’ என்று எழுதி மதிப்பெண் கூட்ட முடியாது. அந்தத் தோற்றம் கதைக்கு என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும்.

வெண்பா: எமது சமையலறை, ஆனால் முழுவதும் எமது கதையா?

‘வெண்பா’ 2023 ஜூலை 31 அன்று நிண்டெண்டோ சுவிட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பொக்ஸ், கணினி ஆகியவற்றுக்கு ஒரே நாளில் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, கணவர் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின் ஆகிய மூவரின் கதை. 1988இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நகர்கிறது. தாய் கொடுத்த சமையல் குறிப்பேடு வெண்பாவிடம் இருக்கிறது; அதில் பக்கங்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் போயுள்ளன. இருக்கிற சொற்களையும் படங்களையும் வைத்து விடுபட்ட படியைக் கண்டுபிடித்துச் சமைப்பதே விளையாட்டு.

இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பது முதற் புதிர். மேல்தட்டின் குழி கீழ்த்தட்டின் குழிக்கு நேரே வராமல் வைத்தால்தான் ஆவி சரியாக ஏறும், மாவு நசியாது. தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்கு இது புதிரே இல்லை. உலகத்தின் வேறு மூலையில் இருப்பவருக்கு அது புதிர். வேறு விளையாட்டுகளில் நாம் வெளியாள். இங்கே நாம் உள்ளே இருக்கிறோம். புட்டு வரும்போது கொஞ்சம் விலகல் உண்டு. அதில் புட்டுக் குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறிப் போட்டு அவிக்கிறார்கள். நீத்துப்பெட்டியில் அவித்துக் கொட்டிப் பழகிய எமது வீடுகளில் ‘இது எங்கட முறை இல்லையே’ என்று ஒரு குரல் எழும். அந்தக் குரலையும் மதிப்புரையில் எழுதலாம்; குறையாக அல்ல, தகவலாக.

வெண்பாவில் பழைய பாணி என்பது சதுரப் புள்ளிகளில் இல்லை. அதன் படங்கள் நவீனமானவை, பளிச்சென்ற நிறங்கள் கொண்டவை. பழைய பாணி அதன் வானொலியில் இருக்கிறது. சமைக்கும்போது ஒலிக்கும் பாடல்கள் இதற்காகவே புதிதாக இசையமைக்கப்பட்டவை. ஆனால் ஒவ்வொன்றும் கதை நிகழும் காலத்துத் தமிழ்த் திரையிசையின் சாயலில் உள்ளது. வாத்தியங்களும் ஒலிப்பதிவின் தன்மையும் காலத்தோடு மாறுகின்றன. இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, போர்க்காலத்தில் வடக்கில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு, ‘பழைய நினைவு’ என்பது உண்மையில் இதுதான்.

அதைவிட நுட்பமானது மொழியைக் கையாளும் விதம். கவின் வளர வளர வீட்டில் தமிழ் குறைகிறது. விளங்காத சொற்கள் திரையில் மங்கலாகின்றன. தாய் என்ன சொன்னாள் என்பது பிள்ளைக்கு முழுதாக எட்டவில்லை என்பதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வாசிக்க முடியாமல் போகும்போது விளையாடுகிறவருக்கே அது நேர்கிறது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் பேரப்பிள்ளையோடு தொலைபேசியில் இரண்டு சொல்லுக்கு மேல் கதைக்க முடியாத அம்மம்மாக்கள் மட்டக்களப்பில் எத்தனையோ பேர் உண்டு. அந்தத் தொலைபேசி அழைப்பின் மறுமுனை இந்த விளையாட்டில் இருக்கிறது.

ஆனால் நிதானமாகப் பார்க்க வேண்டிய ஒன்றும் உள்ளது. வெண்பாவின் குடும்பம் வேலைக்காகவும் எதிர்காலத்துக்காகவும் கனடா போனது. திரும்பிப் போகலாமா என்று அவர்கள் யோசிக்க முடிகிறது. அதே காலத்தில் கனடா சென்ற எமது மக்களின் நிலை வேறு. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்து கடற்கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழ் அகதிகள் மீனவர்களால் மீட்கப்பட்டார்கள். திரும்பிப் போவது என்பது அவர்கள் முன் ஒரு தெரிவாக இருக்கவில்லை. இரண்டு குடும்பங்களும் ஒரே நகரத்தில், ஒரே கடையில் அரிசிமா வாங்கியிருக்கலாம், கதை ஒன்றல்ல. இது விளையாட்டின் குற்றமில்லை. அது தன் குடும்பத்தின் கதையை நேர்மையாகச் சொல்கிறது. ஆனால் ‘புலம்பெயர்ந்த தமிழரின் கதை’ என்று மதிப்புரையாளர் பொதுவாக எழுதிவிட்டால் எமது பாதிக்கதை அதற்குள் காணாமல் போய்விடும்.

மற்றபடி குறைகள்: ஒன்றரை மணித்தியாலம் அளவில் முடிந்துவிடுகிறது, புதிர்கள் எளியவை, மறுபடி விளையாட அதிகம் இல்லை. வெளியானபோது விலை ஏறக்குறைய 15 டொலர். நீளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் விலை கூடுதல் என்று ஒருவர் சொன்னால் அதை மறுக்க முடியாது.

மேசையின் மறுபக்கம்

வெண்பா வென்ற அதே முதன்மைப் பரிசைப் பத்து ஆண்டுகளுக்கு முன், 2014இல், வென்றது ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’. லூகாஸ் போப் தனியாகச் செய்தது. 2013இல் கணினிக்கும் பின்னர் 2017இல் பிளேஸ்டேஷன் வீட்டா என்ற கைக்கொன்சோலுக்கும் வந்தது. மங்கிய நிறங்களில் பெரிய சதுரப் புள்ளிகளால் ஆன தோற்றம். அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில், 1982இல், நீங்கள் ஒரு சோதனை அதிகாரி. வரிசையில் வருபவரின் கடவுச்சீட்டைப் பார்த்து உள்ளே விடுவதா, திருப்புவதா, பிடித்துக் கொடுப்பதா என்று முடிவுசெய்ய வேண்டும்.

ஆங்கில மதிப்புரைகள் இதைப் பெரிதும் பாராட்டின. அதிகாரத்தின் கீழ்ப்படியில் இருப்பவன் எப்படிக் கொடுமைக்கு உடந்தையாகிறான் என்பதை அது உணர்த்துகிறது என்றன. அது சரி. தினமும் விதி மாறுகிறது; பிழை விட்டால் தண்டப்பணம்; சம்பளம் போதாவிட்டால் வீட்டில் உணவும் வெப்பமும் இல்லை, பிள்ளை நோயில் விழும். கணவனின் ஆவணங்கள் சரியாக இருக்க, அவனுக்குப் பின்னால் வரும் மனைவியின் ஆவணம் ஒன்று குறைகிறது. விட்டால் உங்கள் கணக்கில் பிழை விழும். ஆட்களைப் பிடித்துக் கொடுத்தால் கமிசன் தருவதாக ஒரு காவலாளி சொல்கிறான்.

சோதனைச்சாவடியில் இறங்கி நடந்து, அடையாள அட்டையை நீட்டி, சுற்றிவளைப்பில் தலையாட்டியின் முன் வரிசையாக நின்ற ஒரு சமூகம் இதை விளையாடும்போது வேறொன்று நேர்கிறது. முதன்முறையாக மேசையின் மறுபக்கத்தில் உட்காருகிறோம். வரிசை எவ்வளவு நீளமோ அவ்வளவு எரிச்சல் வருகிறது. நீட்டப்படும் கையைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்க்கப் பழகிவிடுகிறோம். அரை மணித்தியாலத்தில் அது நடந்துவிடுகிறது என்பதுதான் அதிர்ச்சி. இது புரிதலைத் தரலாம். ஒருவரை ஆழமாகத் தொந்தரவும் செய்யலாம். இதில் உடல் சோதனைப் படக் காட்சிகளும் உண்டு. நிர்வாணத்தை மறைக்கும் தெரிவை முதலிலேயே போட்டுக்கொள்ள முடியும். இந்தத் தகவல்கள் எமது மதிப்புரையின் கடைசி வரியில் அல்ல, முதற்பந்தியில் இருக்க வேண்டும்.

பழைய பாணித் தோற்றம் இங்கே ஒரு வேலையைச் செய்கிறது. வருபவர்களின் முகங்கள் சில சதுரங்களால் ஆனவை, தெளிவில்லை. படத்தோடு ஆளை ஒப்பிடுவது கடினமாக இருக்கிறது. அந்த அதிகாரியின் தவறுகள் எப்படி நேர்கின்றன என்பது அந்தத் தெளிவின்மையிலேயே விளங்கிவிடுகிறது.

வீட்டுக்குள் இருப்பவர்கள்

போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014இல் வெளியிட்ட ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ விளையாட்டுக்கு 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகை அடிப்படை. படைவீரர் யாரையும் நாம் இயக்குவதில்லை. இடிந்த வீடொன்றில் அகப்பட்ட சில பொதுமக்களே எமது பொறுப்பில் உள்ளனர். பகலில் சினைப்பர் பயத்தால் வெளியே போக முடியாது. இரவில் ஒருவரை அனுப்பி உணவு, மருந்து, விறகு தேட வேண்டும். கரிக்கோலால் வரைந்ததுபோன்ற சாம்பல் நிறத் தோற்றம். கணினிக்குப் பிறகு பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ், சுவிட்ச் ஆகியவற்றிலும் வந்தது.

ஒரு வயதான தம்பதியின் வீட்டில் புகுந்து அவர்களின் உணவை எடுக்கலாம். அவர்கள் எதிர்க்க மாட்டார்கள். ஆனால் திரும்பி வந்தவர் மனமுடைந்து போகிறார். வேலை செய்யவோ சாப்பிடவோ மறுக்கிறார். உயிர் தப்புவது மட்டும் போதாது, தப்பிய பிறகு அந்த மனத்தோடு இருக்க வேண்டும் என்று விளையாட்டின் கணக்கே சொல்கிறது. 2020இல் போலந்து அரசு இதைப் பாடசாலைகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. 2022இல் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தபோது, இந்த விளையாட்டின் ஒரு வார வருமானத்தை நிறுவனம் உக்ரேன் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்தது.

2006, 2007 காலத்தில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் பொதியோடு வந்தவர்கள் இதை எப்படிப் பார்ப்பார்கள்? சிலர் ‘இதை ஏன் மறுபடியும்?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. சிலர், தம் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாமல் வைத்திருக்கும் ஒன்றை இது சொல்லிவிடுகிறது என்பார்கள். அதுவும் நியாயமானது. இரண்டு வாசகருக்கும் மதிப்புரை பயன்பட வேண்டும். எனவே ‘கட்டாயம் விளையாடுங்கள்’ என்று எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, எங்கே நிறுத்தலாம் என்று சொன்னால் போதும்.

எதிர்பாராத இடத்தில் வரும் போர்

சில வேளை போர், போர் விளையாட்டல்லாத இடத்தில் வருகிறது. மேலே சொன்ன ‘ஸ்டார்டியூ வலி’ தோட்டம் செய்து, மீன் பிடித்து, ஊராரோடு பழகும் அமைதியான விளையாட்டு. 1996இல் வந்த ‘ஹார்வெஸ்ட் மூன்’ என்ற சூப்பர் நிண்டெண்டோ விளையாட்டின் வழியில் செய்யப்பட்டது. அதில் இரண்டாம் ஆண்டில் கென்ட் என்ற ஊர்க்காரர் போரிலிருந்து வீடு திரும்புகிறார். ஒருநாள் மனைவி சமையலறையில் சோளம் பொரிக்கிறாள். பொரி வெடிக்கும் சத்தத்தில் அவர் நிலைகுலைந்து போகிறார். சின்னஞ்சிறு சதுர உருவங்கள், சில வரிப் பேச்சு, அவ்வளவுதான். தீபாவளிக்கும் வருடப்பிறப்புக்கும் பட்டாசு வெடிக்கும்போது உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் ஆட்களை நாம் அறிவோம். அந்தக் காட்சியை விளங்கிக்கொள்ள எமக்கு விளக்கம் தேவையில்லை.

டோபி ஃபொக்ஸ் 2015இல் வெளியிட்ட ‘அண்டர்டேல்’ வேறொரு வழியில் செல்கிறது. பழைய ஜப்பானிய வேடமேற்று விளையாட்டுகளின் தோற்றம். எதிரி வந்தால் சண்டை. ஆனால் ஒருவரையும் கொல்லாமல், பேசியும் விட்டுக்கொடுத்தும் முடிவு வரை போகலாம். கொன்றால் விளையாட்டு அதை நினைவில் வைத்திருக்கும். அழித்துவிட்டு மறுபடி தொடங்கினாலும் முழுதாக மறப்பதில்லை. செய்ததை அழித்துவிட முடியாது என்பதை ஒரு விளையாட்டின் சேமிப்புக் கோப்பை வைத்துச் சொன்னது அதன் சிறப்பு.

தம் கதையைத் தாமே செய்தவர்கள்

சிரியாவிலிருந்து 2014இல் தப்பி ஒஸ்திரியா சேர்ந்த அப்துல்லா கராம், அங்குள்ள கௌசா கிரியேஷன்ஸ் குழுவோடு சேர்ந்து 2017இல் ‘பாத் அவுட்’ என்ற விளையாட்டைச் செய்தார். கணினிக்கு மட்டும் வந்தது, இலவசம். 1990களின் கொன்சோல் விளையாட்டுத் தோற்றத்தில், அவர் தன் ஊரை விட்டு வெளியேறிய பயணத்தை நாம் நடத்துகிறோம். இடையிடையே திரையின் மூலையில் அவரே காணொளியில் தோன்றி, நாம் விட்ட பிழைக்குப் பகிடி விடுகிறார். உண்மையில் என்ன நடந்தது என்று சொல்கிறார். அகதியை இரங்கத்தக்க ஆளாக மட்டும் பார்த்துப் பழகியவருக்கு அந்தச் சிரிப்பு ஒரு பாடம்.

பழைய பாணி இத்தகைய கதைகளுக்கு ஏன் பொருந்துகிறது என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. செலவு குறைவு. ஓர் ஊரையும் பத்துப் பேரையும் உண்மைத் தோற்றத்தில் செய்யப் பெரிய குழு வேண்டும். சதுரப் புள்ளிகளில் செய்ய இரண்டு, மூன்று பேர் போதும். கோடோ போன்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

எமக்கு இதில் தனியான ஒரு சிக்கல் இருக்கிறது: எழுத்து. பழைய கொன்சோல்களில் ஓர் எழுத்துக்கு 8க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டம். ஆங்கில எழுத்து அதற்குள் அடங்கும். ‘ணை’, ‘ஞூ’, ‘கௌ’ அடங்காது. அத்தோடு எ, ஏ, ஐ ஆகியவற்றின் கொம்புகள் மெய்க்கு முன்னே வந்து நிற்க வேண்டும். அதை அறியாத மென்பொருள்கள் கொம்பைப் பின்னே தள்ளி எழுத்தை உடைத்துவிடும். 2023இல் வந்த கோடோவின் 4ஆம் பதிப்பு இந்த எழுத்துச்சேர்க்கையைக் கையாள்கிறது. ஆகவே தமிழில் பேசும் பழைய பாணி விளையாட்டு இன்று செய்யக்கூடியதே. பெரிய கட்டத்தில் புள்ளி எழுத்தை வரைய ஒருவர் பொறுமையாக உட்கார வேண்டும்.

மதிப்புரையில் இருக்க வேண்டியவை

எழுத விரும்பும் இளையவர்களுக்கும் வாசிக்கும் பெற்றோருக்கும் பயன்படக்கூடிய ஒரு வரிசை:

1. எந்த இடம்: விளையாடுபவர் யாராக இருக்கிறார்? யாருடைய முகம் காட்டப்படுகிறது, யார் வெறும் இலக்காக இருக்கிறார்?

2. முன்னெச்சரிக்கை: ஷெல், விமானம், திடீர்ச் சத்தம், சித்திரவதை, பிள்ளைகள் இறப்பது, பாலியல் வன்முறை இருக்கிறதா? சத்தத்தைத் தனியாகக் குறைக்க முடியுமா? காட்சியைத் தாண்டிப் போக முடியுமா?

3. கையும் கண்ணும்: ஒரு கையால் விளையாடலாமா? பொத்தான்களை மாற்றி அமைக்கலாமா? எழுத்தின் அளவைக் கூட்டலாமா? பேச்சுக்கு எழுத்துவரி உண்டா? போரில் கையையோ கண்ணையோ செவிப்புலனையோ இழந்தவர்கள் எமது வாசகர்களில் இருக்கிறார்கள். 2018இல் வந்த ‘செலஸ்ட்’ மிகக் கடினமான பழைய பாணி விளையாட்டு. அதில் வேகத்தைக் குறைக்கவும் விழுந்தாலும் சாகாமல் தொடரவும் தெரிவுகள் உண்டு. அதே ஆண்டு எக்ஸ்பொக்ஸுக்கும் 2023இல் பிளேஸ்டேஷன் 5க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் வந்தன.

4. மொழி: ஆங்கிலம் எவ்வளவு தேவை? படத்தைப் பார்த்தே விளங்குமா? தமிழ் இருந்தால் எழுத்து உடையாமல் வருகிறதா?

5. பழைய பாணி: தோற்றம் கதைக்கு உதவுகிறதா, சோம்பலை மறைக்கிறதா? எங்கும் சேமிக்க முடியுமா? மின்வெட்டு வரும் ஊரில் இது சின்ன விடயமல்ல.

6. பெட்டி: எந்தக் கொன்சோலில் விளையாடி எழுதப்பட்டது? ஒரே விளையாட்டு ஒன்றில் நன்றாகவும் மற்றதில் தடங்கியும் ஓடலாம். சிறிய திரையில் எழுத்து வாசிக்க முடியுமா என்பதும் மாறும்.

7. யாருடைய காசு: விளையாட்டை நிறுவனம் இலவசமாகக் கொடுத்ததா, சொந்தக் காசில் வாங்கியதா என்று மதிப்புரையில் எழுதிவிட வேண்டும்.

8. முடிவைச் சொல்லாமை: கதையின் திருப்பத்தை வெளியிடாமல் எழுதப் பழக வேண்டும். முன்னெச்சரிக்கைக்காகச் சொல்ல வேண்டி வந்தால், சொல்லப்போவதாக முதலில் அறிவித்துவிட்டுச் சொல்லலாம்.

வாங்குவதற்கு முன்

விலைகள் டொலரில் உள்ளன. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் அந்த 15 டொலர் ரூபாயில் என்னவாகும் என்பதை எல்லோரும் அறிவர். பிளேஸ்டேஷன் வலையமைப்புக் கணக்குத் திறக்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. அதனால் பலர் வேறு நாட்டின் பெயரில் கணக்குத் திறக்கிறார்கள். அப்படிச் செய்வது நிறுவன விதிக்குப் புறம்பானது. கணக்கு முடக்கப்பட்டால் முறையிட வழியிருக்காது. வெளிநாட்டு உறவினரிடம் பரிசு அட்டை கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரு நாட்டின் அட்டை இன்னொரு நாட்டின் கணக்கில் வேலை செய்யாது. கனடாவில் வாங்கிய அட்டை அமெரிக்கக் கணக்குக்கு ஆகாது.

கொன்சோல் இல்லாதவர் கவலைப்பட வேண்டியதில்லை. இங்கே சொன்ன சுயாதீன விளையாட்டுகள் எல்லாம் கணினியிலும் உண்டு. பெரும்பாலானவை பழைய மடிக்கணினியிலும் ஓடும். ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’, ‘ஸ்டார்டியூ வலி’, ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ ஆகியவை கைத்தொலைபேசிக்கும் வந்துள்ளன. கணினிக்கான ஸ்டீம் கடையில் ஆண்டில் சில தடவை விலை நன்றாகக் குறையும், அதுவரை காத்திருக்கலாம்.

பிள்ளைக்கு வாங்குபவர்கள் முதலில் ‘ஸ்டார்டியூ வலி’யோ ‘வெண்பா’வோ எடுக்கலாம். ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’, ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ இரண்டும் பெரியவர்களுக்கானவை. வளர்ந்த பிள்ளையோடு பக்கத்தில் இருந்து விளையாடினால், நாம் இதுவரை சொல்லாமல் வைத்திருந்த சிலவற்றைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைக்கலாம். முடியாது என்று தோன்றினால் பொத்தானை அழுத்தி நிறுத்திவிடலாம். அதில் தோல்வி ஒன்றுமில்லை.